ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் முனீர் பாயின் நிக்காஹும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டிய உருப்படி.

வேலூரில் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். 'தமிழன் வாயில் குடியேறிய ஓர் இங்கிலீஷ் வார்த்தை' என்று தலைப்பும் கொடுத்தார். தலைப்பு கொடுப்பவர்கள் தாராளமானவர்கள். மிச்சத்தை மட்டும் நாம் எழுதினால் போதும் என்று விட்டுவிடுவார்கள்.

நான் எடுத்துக்கொண்ட வார்த்தை 'பாஸ்'. இப்படி ஆரம்பித்தேன்:

"ஆங்கில மொழியின் வரலாற்றை நோக்குங்கால்"

அடித்துவிட்டேன். நோக்குங்கால் என்று எழுதியதும் என் காலைத்தான் நோக்கத் தோன்றியது. மறுபடி ஆரம்பித்தேன்:

"பரீட்சையில் தேறினால் பாஸ். ரயில்வேக்காரர் குடும்பத்தோடு டிக்கெட் இல்லாமல் காசிக்குப் போனால், அவர் சட்டைப் பையில் இருப்பது பாஸ். நாடகக் கொட்டகையில் காசு கொடுக்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சப் இன்ஸ்பெக்டரிடம் கேட்டால், கேட்கக் கூடாதுதான், கேட்டால் அவரிடமும் பாஸ் இருக்கும். தாலுகா கச்சேரியில் பில் பாஸ் ஆகும். சீட்டாட்டத்தில் கையில் உருப்படியான சீட்டு இல்லாதவன் 'பாஸ்' என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிப்பான். வெள்ளைக்காரன் மலைக் கணவாயையும் பாஸ் என்பான். செத்துப் போனவரையும் பாஸ் ஆகிவிட்டார் என்பான். அவன் எதையும் கடந்து போய்விடுகிற ஆள். நாம்தான் அங்கங்கே நின்றுவிடுகிறோம்."

இது பரவாயில்லை. இதற்கு அடுத்தபடியாக, "ஆம்பூர்ப் பக்கத்தில் ஷாப்பு என்று சொல்லும் தோல் பதனிடும் இடங்களில் தோல் தேறினாலும் பாஸ்தான்" என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு முனீர் அகமது உள்ளே வந்துவிட்டார். கட்டுரைக்குள் ஆள் நுழைந்துவிட்டால் அப்புறம் அது கட்டுரை இல்லை. அவருக்கு உட்கார இடம் போட வேண்டும், குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிக்க வேண்டும்.

ஆகவில்லை. அதுதான் கதை.

2

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. நான் பிறப்பதற்கு முன்பு. அதனால் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. நேரில் பார்த்தவர்கள்தான் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

முனீர் அகமது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தரம் பார்க்கிறவர். சுண்ணாம்புக் குழியில் மயிர் போய், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, காய்ந்து வரும் ஆட்டுத் தோலை, வடக்கு ஜன்னலடியில் இருக்கும் பெரிய மேஜையில் உதவியாள் அந்தோணி விரிப்பார். முனீர் அதன்மேல் உள்ளங்கையை ஓட்டுவார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். தேறினால் "பாஸ்". தேறாவிட்டால் "பாஸ் இல்ல". கத்தி பட்ட தோல், உண்ணி கடித்த தோல், சூடு போட்ட தோல் எல்லாம் பாஸ் இல்ல. முக்கியமாக, அம்மைத் தழும்பு உள்ள தோல். அதற்கு அவர் உள்ளங்கையைக்கூட ஓட்ட மாட்டார். தழும்பு கண்ணில் பட்டதும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

அவர் பாஸ் சொன்ன தோல் கட்டைச் சென்னையில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படியே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஒரு தடவை காவேரிப்பாக்கத்திலிருந்து வந்த தோல் ஒன்றின்மேல் கையை வைத்துவிட்டு, "இந்த ஆடு எப்பவும் இடது பக்கமாத்தான் படுத்துத் தூங்கும்" என்றாராம். ஆட்டுக்காரனை வரவழைத்துக் கேட்டார்கள். வாஸ்தவம்தான் என்றான். ஆட்டைக் கேட்க வழியில்லை.

[ஓரத்தில்: முனீருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஒரு வார்த்தைதான். சென்னையிலிருந்து தோல் வாங்க வந்த துரை ஒருவர், பிரயாணக் களைப்பு, வெயில், தம் சம்சாரத்தின் மூட்டு வலி எல்லாவற்றையும் பற்றிச் சாயங்காலம் வரை பேசினார். ஒவ்வொன்றுக்கும் முனீர் யோசித்து, தலையைச் சாய்த்து, 'பாஸ்' என்றார். இந்த ராஜதானியில் வார்த்தையை வீணாக்காமல் இங்கிலீஷ் பேசுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று துரை சொல்லிவிட்டுப் போனாராம்.]

அவர் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தரம் பார்க்கிறவர் ஒரு தடவை வாயால் சொன்னதை அவரே மாற்றக் கூடாது. காலையில் பாஸ் இல்ல என்றதை மத்தியானம் பாஸ் என்றால், நடுவில் யாரோ பிரியாணி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி மாற்றிய திருப்பத்தூர் ஆள் ஒருவர் அப்புறம் எலுமிச்சம்பழ வியாபாரத்துக்குப் போனார். அங்கும் அவரிடம் பழம் வாங்க ஆளில்லை.

ஊர் அவரை ஷாப்போடு விட்டு வைக்கவில்லை. வலீமா விருந்துக்குப் பிரியாணி தேகசாவின் மூடியைத் திறக்குமுன் முனீர் பாயைக் கூப்பிட்டு ஆவி பிடிக்கச் சொன்னார்கள். தையல்காரர் ஷேர்வானியைக் காட்டினார். ஒருவர் தம் புது வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் முனீர் சொல்வது ஒன்றுதான். கலியாணச் சாப்பாடு பாஸ், ஷேர்வானி பாஸ் இல்ல, சுவர் பாஸ், மேஸ்திரி பாஸ் இல்ல.

இப்படிப்பட்ட மனிதருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வயது முப்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

3

அவருடைய அக்கா முனவ்வர் பேகம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மாப்பிள்ளை போய்ப் பெண்ணைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. வீட்டுப் பெண்கள் போவார்கள், ஷர்பத் குடிப்பார்கள், வந்து சொல்வார்கள். முனவ்வர் அவ்வளவு ஷர்பத் குடித்தும் ஒன்றும் அமையவில்லை. கடைசியாகப் பேரணாம்பட்டுக்குப் போய் அஜீஸுன்னிசா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள்.

முனீர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பெண் அஞ்சாவது பாஸ் என்றாள் அக்கா. தகப்பனார் இல்லை. அண்ணன் கலீமுல்லா பேரணாம்பட்டு ஷாப்பில் முனீர் செய்கிற அதே வேலைதான் பார்க்கிறார். பெண் சத்தம் போட்டுச் சிரிக்கிறாள். அதைவிட, அவளே ஒரு கேள்வி கேட்டாளாம்.

"இன்னா கேட்டா?"

"'உங்க தம்பி நாள் முழுக்கத் தோலைப் பார்த்து முகம் சுளிக்கிறாரே, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அதை அங்கியே ஆணியில மாட்டிட்டு வருவாரா, இல்ல எடுத்துனு வருவாரா'ன்னு கேட்டா."

முனீர் சிரித்தார். அந்தத் தாழ்வாரத்துக்கு அது புது சத்தம். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அக்கா திரும்ப ஒரு தடவை சொல்லக் கேட்டார். மனசுக்குள் சரி, சரி, இந்தப் பெண்தான் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா, ஒன்றையும் மறைக்கக் கூடாதென்று, "சின்ன வயசுல அம்மை போட்டிருக்கு. முகத்துல கொஞ்சம் தழும்பு இருக்கு" என்றாள்.

"பாஸ் இல்ல" என்றது முனீரின் வாய்.

மனசு இன்னும் சரி என்று சொல்லி முடிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. இத்தனை வருஷமாகத் தழும்பு என்றால் அந்தப் பதில் என்று பழகிய வாய். அவர் வாயைப் பொத்தினார். உள்ளே இருந்த ரொட்டித் துண்டைத் தவிர வேறு எதுவும் அதனால் தடுக்கப்படவில்லை.

4

இங்கே ஒரு சந்தேகம். அந்த வார்த்தை பேரணாம்பட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். யார் கொண்டுபோனது? அக்கா சொல்லியிருக்க மாட்டாள். அதற்காக ரங்கம்மாள் என்று ஒரு கீரைக்காரியை உண்டாக்கி, வாசலில் கூடையோடு நிறுத்தி வைத்தேன். இப்போது படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கீரைக் கூடையோடு ஒரு அம்மாள் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு மத்தியானத்துக்குள் எப்படிப் போவாள்?

ஆனால் அவள் போய்விட்டாள். நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள். கீரையையும் வழியில் விற்றுவிட்டாளாம். இனி அவளைத் திருப்பிக் கூப்பிட முடியாது.

அஜீஸுன்னிசா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "பாஸா? சீட்டாட்டத்துல கையில ஒண்ணும் இல்லாதவன் சொல்ற வார்த்தை அது" என்று மட்டும் சொன்னாளாம். அதையும் ரங்கம்மாள் அன்றைக்கே ஆம்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். ஷாப்பில் பட்டை இடிக்கிறவர்கள் முதல் கட்டு கட்டுகிறவர்கள் வரை எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், தோள் குலுங்கிற்று.

முனீருக்கு அவமானத்தைவிட வேறொன்று பேஜாராக இருந்தது. அந்தப் பதிலும் அவருக்குப் பிடித்திருந்தது.

5

[இந்தப் பகுதியை எழுதி அடித்துவிட்டேன். அடித்ததை மை காய்வதற்குள் நீங்கள் பார்த்துவிட்டதால் அப்படியே விடுகிறேன்.

கலீமுல்லா ஆம்பூருக்கு வந்து, எங்க வீட்டுப் பொண்ணைத் தரம் பார்த்தீங்க இல்ல, இப்ப நாங்க பார்க்கிறோம் என்று முனீரை வடக்கு ஜன்னல் மேஜைமேல் ஏற்றி நிறுத்துகிறார். உச்சந்தலையைப் பார்க்கிறார். "மயிர் சுத்தமாப் போயிருக்கு. சுண்ணாம்பு நல்லாப் பிடிச்சிருக்கு" என்கிறார். வயிற்றைப் பார்க்கிறார். "இந்த இடம் தொய்வு. வெட்டிட்டுக் கட்டலாம்" என்கிறார். முதுகுப் பக்கம் போய்

இவ்வளவுதான் எழுதினேன். கலீமுல்லா தன்மானம் உள்ளவர், இப்படிக் கூத்தடிக்க ஆம்பூருக்கு வர மாட்டார். முனீர்தான் போக வேண்டும். தவிர, அந்த மேஜைக்கு ஒரு கால் ஆட்டம்.]

6

முனீர் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, அக்காவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பேரணாம்பட்டுக்குப் போனார். கலீமுல்லா வாசலுக்கு வந்து வரவேற்றார். "வாங்க முனீர் பாய். நாற்காலி பாஸான்னு பார்த்துட்டு உக்காருங்க" என்றார்.

முனீர் உட்காரவில்லை. தப்பு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், அந்தப் பெண்ணையே நிக்காஹ் செய்துகொள்ள விரும்புகிறேன் என்று நின்றபடியே சொன்னார். கலீமுல்லா அதை மெள்ளக் கேட்டுக்கொண்டார். அவரும் தரம் பார்க்கிறவர். அவசரப்பட மாட்டார்.

"நீங்களும் நானும் ஒரே தொழில்" என்றார். "சொன்ன வார்த்தையை நீங்களே மாத்தினா நீங்க தரம் பார்க்கிறவரே இல்ல. நாளைக்கு உங்க கட்டை சென்னையில பிரிப்பான். மாத்தலன்னா எங்க வீட்டு மாப்பிள்ளை இல்ல. இதுல எது வேணும்?"

முனீர் யோசித்தார். வடக்கு ஜன்னல், அந்த மேஜை, பிரிக்காமல் கப்பல் ஏறும் கட்டுகள், அப்பா காலத்திலிருந்து வந்த பேர். இந்தப் பக்கம் இன்னும் முகம்கூடத் தெரியாத ஒரு சிரிப்பு. அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "மாத்திடறேன். தோல் வேலையை விட்டுடறேன்" என்றார்.

தம்பி தொழிலை விட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று முனவ்வர் பேகம் உள்ளே முனகியது வெளியே கேட்டது. அதையும் தாண்டிக் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. அது முனீரிடம் பேசவில்லை. பேசக் கூடாது. அண்ணனிடம் பேசியது.

"பாய்ஜான், அவரைக் கேளுங்க. தோலைக் கண்ணால பார்க்காமத் தரம் சொல்லுவாரா?"

கலீமுல்லா திரும்பி, "சொல்லுவீங்களா?" என்றார்.

"மாட்டேன்" என்றார் முனீர், கலீமுல்லாவிடம்.

"வேற யாரோ பார்த்துட்டு வந்து 'தழும்பு இருக்கு'ன்னு சொன்னா? அதை வெச்சுச் சொல்லுவாரா?"

கலீமுல்லா இரண்டு பேருக்கும் நடுவில் தந்திக் கம்பமாக நின்றார். முனீரின் அப்பா ஆம்பூர் மேஜையடியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: அடுத்தவன் கண்ணால் பார்க்காதே.

"இது வரைக்கும் அப்படிச் சொன்னதில்ல" என்றார் முனீர். "அன்னிக்குத்தான்."

"அப்ப அன்னிக்குச் சொன்னது தரமே இல்ல. வெறும் சத்தம். மாத்தறதுக்கு அங்க ஒண்ணும் கிடையாது. நான் இன்னும் மேஜைக்கே வரலன்னு சொல்லுங்க."

கலீமுல்லா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவராகையால் ரசித்துக்கொண்டிருந்தார். முனீர் அப்போதுதான் உட்கார்ந்தார். நாற்காலியைப் பார்க்கவில்லை.

பிறகு அஜீஸுன்னிசா சொன்னதெல்லாம் நிதானமாக வந்தது. இதற்கு முன்னால் எத்தனையோ வீட்டார் வந்து போயிருக்கிறார்கள். ஷர்பத் குடித்தார்கள், மாஷா அல்லாஹ் என்றார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. "பொய்க்கு எங்க வீட்டுச் சர்க்கரைதான் செலவு. இவர் ஒருத்தர்தான் மனசுல இருக்கோ இல்லியோ, வாயில வந்ததைச் சொன்னார். தப்பாச் சொன்னார். ஆனா சொன்னார்."

அதனால் நிக்காஹுக்குச் சம்மதம். ஒரே நிபந்தனை. நிக்காஹ் முடிந்ததும் ஜல்வாவில், மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் கண்ணாடி வைத்து முதல் தடவை முகம் பார்ப்பார்கள் அல்லவா, அப்போது பார்த்துவிட்டு அவர் தரம் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொல்ல வேண்டும். "எனக்காகப் பொய் சொன்னா எனக்குத் தெரியும். தரம் பார்க்கிறவங்க வீட்டுல வளர்ந்தவ. அன்னிக்கே அவரை மட்டும் ஆம்பூருக்கு வண்டி ஏத்திடுவேன்."

முனீர் ஒரே ஒரு விஷயம் கேட்டார். ஜல்வாவைப் பகலில் வைக்க முடியுமா? விளக்கு வெளிச்சத்தில் தரம் பார்க்கக் கூடாது.

"பகல்லியே வைங்க பாய்ஜான்" என்றது திரை. "நானும் அவரைப் பார்க்கணும் இல்ல. எனக்கும் வாய் இருக்கு."

7

இந்த இடம் வரை வந்துவிட்டு, முடிவுக்காக மூன்று காகிதம் கிழித்தேன். வாசகர் ஏமாறக் கூடாதென்று கிழிந்ததையும் ஒட்டித் தருகிறேன்.

முடிவு ஒன்று: முனீர் கண்ணாடியைப் பார்த்தார். "பாஸ்" என்று தெரு கேட்கச் சொன்னார்.

இது ஆகாது. அம்மைத் தழும்பைப் பார்த்து முனீர் பாஸ் என்றால் அந்தோணியே நம்ப மாட்டார். அஜீஸுன்னிசா எப்படி நம்புவாள்? அடுத்த நிமிஷம் வண்டி.

முடிவு இரண்டு: முனீர் கண்ணாடியைப் பார்த்தார். "பாஸ் இல்ல" என்று உள்ளதைச் சொன்னார். அவள் அந்த உண்மைக்காகவே அவரை

இது அதைவிட மோசம். கல்யாணத்தன்று பெண்ணைப் பார்த்து அப்படிச் சொன்ன மனிதருக்கு நான் கதை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முடிவு மூன்று: முனீர் கண்ணாடியைப் பார்த்தார். ஆடு வேறு, பெண் வேறு என்று அவருக்கு விளங்கிற்று. அந்த வார்த்தையை அன்றோடு

இது உபதேசம். ஆண்டு மலர்க்காரருக்குப் பிடிக்கும். அதனாலேயே கிழித்தேன்.

மூன்றையும் என் வீட்டு அம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "மூணுலியும் அந்த ஆள்தான் கண்ணாடியைப் பார்க்கிறார். எதிர்ல உக்காந்திருக்கிற பொண்ணு இன்னா, கண்ணை மூடிக்கினு இருக்காளா?" என்று கேட்டாள்.

8

சரி. நிக்காஹ் நாள். பேரணாம்பட்டில் பந்தல் போட்டிருக்கிறது. மௌல்வி வந்து சம்மதம் கேட்டாயிற்று, பேரீச்சம்பழம் வாரி இறைத்தாயிற்று. ஆம்பூர் ஷாப்புக்கு இன்று லீவு. அந்தோணி சலவைச் சட்டையோடு முதல் வரிசையில் இருக்கிறார். ரங்கம்மாள் எப்படியோ உள்ளே போய்விட்டாள். சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. நல்ல வெளிச்சம்.

முனீரைப் பெண்கள் உள் அறைக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள். செருப்பைக் கழற்றும்போது அவர் வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். என்ன சொல்லப் போகிறீர்கள் பாய் என்று அந்தோணி மெள்ளக் கேட்கிறார். "பார்த்தாத்தான் தெரியும்" என்கிறார் முனீர். அவர் அப்படிச் சொல்லி உள்ளே போக, நானும் பேனாவோடு பின்னாலேயே போகிறேன்.

வாசற்படியில் முனவ்வர் பேகம் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"நீங்க எங்க வர்றீங்க? ஜல்வா நடக்கிற ரூமுக்குள்ள மாப்பிள்ளையைத் தவிர வேற ஆம்பள வரக் கூடாது."

நான் எழுத்தாளன் என்றேன். எல்லாவற்றையும் நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"எழுதுற ஆளும் ஆம்பளதானே" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

அவள் சொல்வது நியாயம். அவளுடைய ஊர்ப் பழக்கத்தை மீறி நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அப்புறம் நான் எழுதுவதை நீங்கள் எப்படி நம்புவீர்கள்? ஆகவே பந்தலுக்குத் திரும்பி வந்து அந்தோணி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இதைப் படிக்கிற ஆண்களும் இப்படியே வந்து உட்காருங்கள். ஜமக்காளம் போட்டிருக்கிறது. சாப்பாடு வர நேரமாகும்.

படிக்கிற பெண்களுக்குத் தடை இல்லை. தாராளமாக உள்ளே போகலாம். கண்ணாடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, யார் முதலில் நிமிர்ந்து பார்த்தது, யார் வாயில் என்ன வந்தது, அதைக் கேட்டவர் முகம் எப்படிப் போயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணால் பாருங்கள். ரங்கம்மாள் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு இங்கே கேட்பது இவ்வளவுதான்: கண்ணாடியை நகர்த்தி வைக்கிற சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், என்னவோ மெதுவாக. அதற்கு ஒரு பெண் குரல், இன்னும் மெதுவாக. வண்டி கட்டச் சொல்லி இன்னும் யாரும் வரவில்லை. இப்போது அறை முழுக்கச் சிரிப்பு, வளையல் சத்தத்தோடு. அதில் முனீரின் சிரிப்பும் இருக்கிறதா என்று அந்தோணி காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.